அம்மாவின் சர்க்கரையை மறைக்காதீர்கள்

வணக்கம். செங்கோட்டையிலிருந்து 68 வயது அம்மாவை பாரிஸ் சுற்றுலா அழைத்துப் போகிறீர்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது அவருக்குச் சர்க்கரை, பிபி இருப்பதைச் சொன்னால் பிரீமியம் கூடுகிறது, மறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து மறைக்க வேண்டாம். கிளெய்ம் என்று போனால் பழைய மருந்துச் சீட்டுகளைத்தான் முதலில் கேட்பார்கள். புனலூரில் இருக்கும் என் சித்திக்கு அப்படித்தான் ஒரு பைசா கிடைக்கவில்லை.

பாரிஸ் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) குறைந்தபட்சம் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அது விசாவுக்கான அளவுதான். அம்மாவுக்குக் கூடுதலாகவே எடுங்கள். 'ஏற்கெனவே உள்ள நோய்' பகுதியை வரி விடாமல் படியுங்கள். பல பாலிசிகளில் உயிருக்கு ஆபத்தான நிலைக்கு மட்டும்தான் பணம், அதற்கும் தனி உச்சவரம்பு இருக்கும். பெட்டி தொலைவது, விமானத் தாமதம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாத்திரைகளை மட்டும் டாக்டர் சீட்டோடு கைப்பையிலேயே வையுங்கள்.