குடியேறியவர்கள் அதிகமாக வாழும் ஏழைப் பகுதிகளில்தான் தீவிர வலதுசாரிக் கட்சிகளுக்கு வாக்கு விழுகிறதா?

நீங்கள் ஐரோப்பாவுக்குப் புதிதாக வந்தவர் போலிருக்கிறது. கேள்வியிலேயே பயம் தெரிகிறது.

நான் 2003இல் இருந்து கிழக்கு லண்டனில், டகன்ஹாமில் இருக்கிறேன். 2006 கவுன்சில் (உள்ளூராட்சி) தேர்தலில் பி.என்.பி. (பிரித்தானிய தேசியக் கட்சி) என்ற இனவாதக் கட்சி எங்கள் பார்க்கிங்-டகன்ஹாம் கவுன்சிலில் 12 இடங்களைப் பிடித்தது. பக்கத்தில், எங்கள் தமிழ் ஆட்கள் நிறைந்த ஈஸ்ட்ஹாம் பக்கம் வறுமைக்குக் குறைவில்லை. அந்தக் கவுன்சிலில் பி.என்.பி.க்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஆகவே வறுமையையும் வெளிநாட்டவர் தொகையையும் மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எங்கள் கவுன்சில் பகுதியில் மாற்றம் வந்த வேகம் வேறு. 2001இல் வெள்ளைப் பிரித்தானியர் 81 வீதம். 2011இல் பாதிக்கும் கீழே. ஃபோர்ட் தொழிற்சாலையில் கார் செய்வதும் 2002இல் நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த ஃபோர்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் வேலி காற்றில் சாய்ந்தபோது கேட்காமலே சுத்தியலோடு வந்து நிமிர்த்தித் தந்தவர். அவர் வீட்டு ஜன்னலில் பி.என்.பி. தாள் ஒட்டியிருந்தது. கவுன்சில் ஆப்பிரிக்கர்களுக்கு 50,000 பவுண் கொடுத்து இங்கே வீடு வாங்க வைக்கிறது என்று அந்தக் கட்சி பரப்பிய பொய்யை அவர் முழுதாக நம்பினார். "உன்னைச் சொல்லவில்லை" என்றார். அவருடைய மகள் இரண்டு பிள்ளைகளோடு அவர் வீட்டுச் சின்ன அறையில், கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

நான் வாடகைக்கு இருந்ததும் பழைய கவுன்சில் வீடுதான். 1980 சட்டப்படி குடியிருந்தவரே மலிவாக வாங்கி, பிறகு விற்றுவிட்டார். விற்ற வீடுகளுக்கு ஈடாகக் கவுன்சில் கட்டியது மிகக் குறைவு. அந்த மகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மாதிரி வீட்டில் நான் இருந்தேன். அது இன்றும் மனதை உறுத்துகிறது.

இனவாதிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் வேலை செய்த கடையின் கண்ணாடியை உடைத்தார்கள், துப்பினார்கள். 2010இல் அந்த 12 இடங்களும் போனபோது நான் அழுதேன். ஆனால் வீட்டுப் பிரச்சினை தீரவில்லை. 2016இல் இங்கே 62 வீதத்தினர் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலக வாக்களித்தார்கள்.

அப்புறம், எங்கள் வீட்டுச் சொந்தக்காரரும் தமிழர்தான். மூன்று அறை வீட்டில் மூன்று குடும்பத்தை வைத்து, அறைக்கு அறை வாடகை எடுத்தார். குளியலறைச் சுவர் முழுக்கப் பூஞ்சணம். பின்வளவில் குப்பை குவிந்து நாறியபோது அந்தப் பெரியவர் எங்களைத்தான் குறை சொன்னார். வீட்டுக்காரரிடம் பத்துத் தடவை சொல்லியும் வரவில்லை. நான் கட்டிய முற்பணம் 600 பவுணையும் இன்றுவரை திருப்பித் தரவில்லை.