சந்தைச் சுதந்திரமும் அரசியல் மீதான ஐயமும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அரசியலை நம்பாதவர் என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். அப்படியென்றால் அரசே தேவையில்லை என்பது உங்கள் கருத்தா?

பதில்: இல்லை. கொலை, கொள்ளை, மோசடி ஆகியவற்றைத் தடுக்கவும், ஒப்பந்தத்தை மீறியவரைப் பொறுப்பேற்கச் செய்யவும் காவலும் நீதிமன்றமும் வேண்டும். என் ஐயம் வேறு இடத்தில் தொடங்குகிறது. கடைக்காரர் தம் லாபத்தைத்தான் பார்ப்பார் என்று எளிதில் ஒப்புக்கொள்ளும் நாம், அதே மனிதர் தேர்தலில் வென்று நாற்காலியில் அமர்ந்ததும் பொதுநலம் ஒன்றையே நினைப்பார் என்று எதிர்பார்க்கிறோம். இந்த முரணைத்தான் அமெரிக்கப் பொருளியலாளர்களான ஜேம்ஸ் புக்கானனும் கார்டன் டல்லக்கும் 1962-இல் விரிவான ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவ்வழிச் சிந்தனைக்காகவே புக்கானனுக்கு 1986-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அரசியல்வாதியைத் தீயவராகக் காட்டுவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. அவரும் நம்மைப் போன்றவரே என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பேச்சுரிமையும் வழிபாட்டுரிமையும் உயர்ந்தவை, ஏற்கிறேன். வாங்கி விற்கும் உரிமையை அவற்றோடு ஒரே தட்டில் ஏன் வைக்கிறீர்கள்?

பதில்: எழுதும் உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் அச்சிடும் காகிதம் ஒருவர் கையில் மட்டுமே உண்டு என்றால், அந்த உரிமை என்ன ஆகும்? மெக்சிகோவில் 1935-இல் அரசு தொடங்கிய பிப்சா என்ற நிறுவனம், பத்திரிகைக் காகித வழங்கலைப் பல பத்தாண்டுகள் தன் பிடியில் வைத்திருந்தது. ஏடுகளுக்கு மலிவாகக் காகிதம் தருவதே அதன் நோக்கம் என்றார்கள், மலிவாகவும் கொடுத்தார்கள். ஆனால் ஆட்சியாளருக்குச் சினமூட்டினால் அடுத்த மாதக் காகிதம் வராமல் போகலாம் என்ற அச்சம், தணிக்கை அதிகாரி செய்யவேண்டிய வேலையைச் சத்தமின்றிச் செய்துவிட்டது. அரசு ஒன்றே முதலாளியாக இருக்கும் நாட்டில் அரசைக் குறைகூறுபவர் எங்கே போய் வேலை கேட்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: விதிகளைத் தளர்த்தச் சொல்பவர்கள் பெருநிறுவனங்களின் கையாட்கள் என்பது என் பேராசிரியரின் கருத்து. உங்கள் பதில் என்ன?

பதில்: அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விதிகள் உண்மையிலேயே தளர்ந்தபோது பெருநிறுவனங்கள் எந்தப் பக்கம் நின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் 1938-இல் ஏற்பட்ட சட்டத்தின் வழியே வந்த விமானப் போக்குவரத்து வாரியம், எந்த நிறுவனம் எந்த வழித்தடத்தில் பறக்கலாம், எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்பதைச் சுமார் நாற்பது ஆண்டுகள் தீர்மானித்தது. அந்தக் காலம் முழுவதிலும் முதன்மை வழித்தடங்களில் இயங்கப் புதிய பெருநிறுவனம் ஒன்றையும் அது நுழையவிடவில்லை. 1978-இல் இந்தப் பிடியைத் தளர்த்திய சட்டத்தை முன்னெடுத்தவர்களில் ஒருவர், முதலாளிகளின் தோழர் என்று யாரும் பழிக்க முடியாத செனட்டர் எட்வர்ட் கென்னடி. எதிர்த்து நின்றவையோ பெரும்பாலான விமான நிறுவனங்களே! போட்டியாளரை உள்ளே விடாத வேலியை, வேலிக்குள் இருப்பவர் ஏன் பிரிக்கச் சொல்வார்? வாரியம் 1985 தொடக்கத்தில் மறைந்தது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் சராசரிக் கட்டணமும் குறைந்தது. பிற்காலத்தில் நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைந்து சிலவற்றின் கை மறுபடி ஓங்கியதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

இத்தகைய வேலிகள் எளிதில் எழுவதற்கான காரணத்தை அமெரிக்கப் பொருளியலாளர் மான்சர் ஓல்சன் 1965-இல் விளக்கினார். ஓர் இறக்குமதி வரியால் பத்து ஆலைகளுக்குப் பெருலாபம் கிடைக்கிறது, கோடிக்கணக்கான நுகர்வோருக்கு ஆளுக்குச் சில காசு நட்டம் ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலைகள் தலைநகரில் ஆள் அமர்த்தி வாதாடும். சில காசுக்காக ஒரு நாள் வேலையை விட்டு யார் ஊர்வலம் போவார்? ஆகவே சந்தையை ஆதரிப்பதும் முதலாளியை ஆதரிப்பதும் ஒன்றல்ல என்று உங்கள் பேராசிரியரிடம் சொல்லுங்கள். பல நேரங்களில் அவை நேரெதிர்.

கேள்வி: சிலியில் ராணுவ ஆட்சியாளர் பினோசேயின் கொடுங்கோலாட்சியில்தானே தடையற்ற சந்தை தழைத்தது?

பதில்: எங்கள் தரப்பின்மேல் படிந்த கறை அது, அதைத் துடைக்கும் வேலையை நான் செய்யமாட்டேன். 1973 முதல் 1990 வரை மனிதர்களைச் சித்திரவதை செய்தும் காணாமல் போகச் செய்தும் நடந்த ஓர் அரசு, வரிகளைக் குறைத்ததற்காகச் சுதந்திரத்தின் காவலன் ஆகிவிடாது. பொருளாதாரச் சுதந்திரம் இல்லாமல் மற்றச் சுதந்திரங்கள் நெடுநாள் நிலைப்பது அரிது என்பேன். அது மட்டும் இருந்தால் மற்றவை தாமே வந்துவிடும் என்று சொன்னால், அது பொய்.

கேள்வி: அரசு விலகிக்கொண்டால் இனவெறி கொண்ட வணிகர்கள் இஷ்டப்படி மனிதர்களை ஒதுக்கமாட்டார்களா?

பதில்: சட்டமே ஒதுக்கச் சொன்ன காலமும் இருந்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1890-இல் வந்த சட்டம் கறுப்பினப் பயணிகளுக்குத் தனி ரயில் பெட்டியைக் கட்டாயமாக்கியது. கூடுதல் பெட்டி கூடுதல் செலவு என்பதால் ரயில் நிறுவனம் அதை விரும்பவில்லை. அச்சட்டத்தை எதிர்த்து ஹோமர் பிளெஸ்ஸி தொடுத்த வழக்குக்கு முன்கூட்டியே ஒத்துழைக்கவும் செய்தது. ஆனால் 1896-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே சாய்ந்தது. அதேவேளை, சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களிலும் வாடிக்கையாளரை நிறம் பார்த்துத் திருப்பி அனுப்பிய உணவகங்கள் ஏராளம். லாப ஆசை வெறுப்பை எப்போதும் வென்றுவிடும் என்பது நூலில் படிக்க இனிமையான வாதம். இத்தகைய ஒதுக்கலை அமெரிக்காவில் தடைசெய்த 1964-இன் குடிமை உரிமைச் சட்டம் தேவைப்பட்டது என்றே நான் கருதுகிறேன்; இதற்காக என் நண்பர்கள் சிலர் என்னோடு இன்னும் சண்டையிடுகிறார்கள்.

கேள்வி: ஆலைப் புகையும் தனிமனித உரிமையா?

பதில்: இல்லை. பிறருக்குத் தீங்கு நேருமிடத்தில் மட்டுமே ஒருவரைக் கட்டாயப்படுத்தலாம் என்று 1859-இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் வரைந்த எல்லைக்குள்ளேயே புகையும் வந்துவிடுகிறது. அதன்மீது வரி விதிக்கலாம் என்றுதான் நானும் சொல்வேன்.

கேள்வி: இவ்வளவு அவநம்பிக்கையோடு நீங்கள் வாக்களிக்கிறீர்களா?

பதில்: தவறாமல் வாக்களிக்கிறேன். என்ன தருவீர்கள் என்று வேட்பாளரிடம் நான் கேட்பதில்லை. இப்போது அந்தப் பதவிக்கு இருக்கும் அதிகாரங்களில் எதைக் கைவிடுவீர்கள் என்று கேட்பேன். சிலர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுகிறார்கள்.