முதலில் பழுதுக் கொப்பி, பிறகு ஸ்க்ரூட்ரைவர்

கேள்வி: ஹட்டன் கல்வி வலயத்தில் ஒரு பாடசாலையில் ஐசிடி கற்பிக்கிறேன். கணினி அறையில் 20 கணினிகள் இருக்கின்றன, அதில் 7 இயங்குவதில்லை. திருத்துபவரை வரவழைத்தால் கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மாணவர் உதவிக் குழு ஒன்று அமைக்க அதிபர் சம்மதித்துவிட்டார். யாரைச் சேர்ப்பது, எந்த வேலையை அவர்களிடம் விடலாம்?

பதில்: ஏழும் உண்மையிலேயே செத்துப்போயிருக்க வாய்ப்புக் குறைவு. மலைநாட்டுக் கணினி அறைகளில் விடுமுறை முடிந்து திறக்கும்போது "எழும்பாத" கணினிகளில் பல ஈரப்பதத்தின் வேலையாகவோ, கழன்ற வயராகவோ, தீர்ந்துபோன சிறு பேட்டரியாகவோதான் இருக்கும். இவற்றை தரம் 9 பிள்ளைகளே பார்த்துவிடலாம். ஆனால் ஸ்க்ரூட்ரைவரைக் கையில் கொடுப்பதற்கு முன்னர் ஒரு கொப்பியைக் கொடுங்கள்.

சீஆர் தாள் கொப்பி போதும். திகதி, கணினி இலக்கம், சொன்னவர், கண்டது, செய்தது, ஆசிரியர் கையொப்பம் என ஆறு நிரல்கள். எல்லாம் தங்கியிருப்பது "கண்டது" என்ற நிரலில். "7ஆம் கணினி: ரேம் போச்சு" என்று எழுதினால் அது ஊகம் (ரேம் என்பது கணினியின் தற்காலிக நினைவகத் தகடு). "7ஆம் கணினி: ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, மூன்று தடவை பீப் சத்தம்" என்று எழுதினால் அதை வைத்து நீங்கள் வீட்டிலிருந்தே பாதி முடிவெடுக்கலாம். கணினிகளில் ஒட்டும் இலக்கமும் பொருட்பதிவேட்டு இலக்கமும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு கணினியின் ரேமை இன்னொன்றுக்கு மாற்றினால் அன்றே எழுதுங்கள்; இல்லையேல் வருட இறுதிக் கணக்கெடுப்பில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஆள் தெரிவு: நாளுக்கு இருவர், ஐந்து நாளுக்குப் பத்துப் பேர், மேலதிகமாக இருவர். தரம் 9, 10 இலிருந்து எடுங்கள். தரம் 11 பரீட்சைக்குப் படிக்கட்டும். ஐசிடி புள்ளியைப் பார்க்காதீர்கள். மொனிட்டர் வயரைச் சற்றுத் தளர்த்திவிட்டு, "இதில் என்ன பிரச்சினை, மூன்று வரியில் எழுது" என்று கேளுங்கள். உடனே கழற்றப் போகிற பிள்ளையை விட, சுவிட்ச், பிளக், வயர் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு எழுதுகிற பிள்ளைதான் வேண்டும். விட்டுவிட்டால் பையன்கள் கருவியையும் பெண்பிள்ளைகள் கொப்பியையும் எடுத்துக்கொள்வார்கள். கிழமைக்கொரு தடவை மாற்றுங்கள். வேலையை இடைவேளைக்குள் முடிக்கப் பாருங்கள். பாடசாலை விட்ட பிறகு நிறுத்தி வைத்தால் தோட்டத்தின் மேல் டிவிஷன் பிள்ளைகளுக்கு பஸ் போய்விடும். இரண்டு கிழமையில் குழுவும் கலைந்துவிடும்.

இனி அந்த ஏழு கணினிகள். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்னை இறக்கிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். கேஸின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். ஃபேன் சுற்றியும் திரை வராவிட்டால் ரேமைக் கழற்றுங்கள். அதன் பொன்னிறப் பற்களில் மங்கல் படிந்திருக்கும். பென்சில் அழிக்கும் மென்மையான ரப்பரால், கணினிக்கு வெளியே பிடித்து, இரு பக்கமும் மெல்லத் தேய்த்துத் தூளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். திரும்பச் செருகும்போது இரண்டு கிளிப்பும் "டக்" என்று பூட்ட வேண்டும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

இயங்குகிறது, ஆனால் திகதி பல வருடம் பின்னால் நிற்கிறது, எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று வருகிறது என்றால் மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) உள்ள நாணய அளவு பேட்டரி தீர்ந்துவிட்டது. சீஆர் 2032, 3 வோல்ட். ஒரே நாளில் நாலைந்து கணினிக்குத் தேவைப்படலாம், எனவே பத்து வாங்கி வையுங்கள். பழைய கணினி மிக மெதுவாக இருந்தால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று ஆளையே மாற்றிவிடும். பழைய மாணவர் சங்கத்திடம் புதிய கணினி கேட்பதை விட இதைக் கேட்பது சுலபம். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகளில் இரண்டில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பழக்கிப் பாருங்கள்.

ஈரத்துக்கு ஒரு பழக்கம் போதும்: விடுமுறையிலும் கிழமைக்கொரு தடவை ஒரு மணி நேரம் எல்லாக் கணினிகளையும் ஓடவிட ஒழுங்கு செய்யுங்கள். அந்தச் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை உலர்த்தும். தூசுக்கென்று போடும் பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டுத் துணி போடுங்கள். பிளாஸ்டிக் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்.

மின்னல் விஷயத்தில் இளகவே கூடாது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி வரும். ட்ரிப் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பிளக்குகளைக் கழற்ற வேண்டும். ரௌட்டருக்கு வரும் தொலைபேசி வயரையும் கழற்ற வேண்டும், அது வழியாகவும் மின் பாயும். கடைசி மணிக்கு முன் அன்றைய இருவர் வரிசை வரிசையாகக் கழற்றிக் கொப்பியில் ஒப்பமிடட்டும். இடி தொடங்கிவிட்டால் எந்தப் பிள்ளையும் வயரைத் தொடக் கூடாது. கணினி போனால் போகட்டும்.

பிள்ளைகள் ஒருபோதும் திறக்கக் கூடாதவை: பவர் சப்ளை, யூபிஎஸ், ப்ரொஜெக்டர், பழைய பெட்டி மொனிட்டர், சுவர் பிளக் பேஸ். பிளக்கைக் கழற்றிய பிறகும் பவர் சப்ளைக்குள் மின் தேங்கி நிற்கும். யூபிஎஸ் விடாமல் கத்தினால் பெரும்பாலும் அதன் 12 வோல்ட் பேட்டரி முடிந்திருக்கும். மாற்றுவது பெரியவர் வேலை. தொட்டால் "ஷொக்" அடிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பெரும்பாலும் எர்த் (நில இணைப்பு) பிரச்சினை. அந்த வரிசையை நிறுத்திவிட்டு மின் வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

குழு இருப்பது தெரிந்ததும் ஆசிரியர்கள் வரிசையில் வருவார்கள். முதல் முறைப்பாடு, "என் வினாத்தாள் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது" என்பதாகவே இருக்கும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்திருக்கிறார்கள். எழுத்துருவை நிறுவினால் சரியாகும். நிரந்தரத் தீர்வு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் தட்டுவது. அச்சுக்கு எடுத்துப் போவதென்றால் பிடிஎஃப் ஆக்கிக்கொள்வது. ஆனால் வினாத்தாள் உள்ள பென் டிரைவை மாணவர் கையில் கொடுக்க விடாதீர்கள். வெற்று ஆவணத்தில் நான்கு சொல் தட்டிக் காட்டினால் போதும், எழுத்துருவைச் சோதிக்க அதற்கு மேல் தேவையில்லை. வினாத்தாள் வெளியே போனால் குழுவின் மேல்தான் பழி விழும், அவர்கள் செய்தாலும் செய்யாவிட்டாலும்.

கடவுச்சொல்லிலும் இதே கண்டிப்பு வேண்டும். பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு மட்டும். நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் உங்களிடமும், ஒட்டிய உறையில் அதிபரிடமும் இருக்கட்டும்.

எழும்பாத கணினியைக் குப்பையில் போடாதீர்கள். பதிவேட்டிலிருந்து முறைப்படி கழிக்கும் வரை இலக்கமிட்டு ஒரு மூலையில் வையுங்கள். தரம் 9 பிள்ளைகள் ரேமைக் கழற்றிப் பூட்டிப் பழக அதைவிட நல்ல கணினி கிடையாது.