லண்டன் மாப்பிள்ளையிடம் ஏமாந்த பாளையங்கோட்டை அக்கா இனி என்ன செய்யலாம்?

மேட்ரிமோனி தளத்தில் பழகிய 'லண்டன் டாக்டர்' அனுப்பிய பரிசு டெல்லி கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது என்று சொல்லி, பாளையங்கோட்டையில் இருக்கும் உங்கள் அக்காவிடம் பணம் பறித்திருக்கிறார்கள்.

முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள், இப்போதே. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போவதற்குள் தகவல் கிடைத்தால், மிச்சத்தையாவது முடக்கிவைக்க முடியும். பரிவர்த்தனை எண், தேதி, தொகை எல்லாம் கையில் இருக்கட்டும். பேங்குக்கும் சொல்லிவிடுங்கள். அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். திருநெல்வேலி சைபர் கிரைம் போலீசிலும் நேரில் போய்க் கேட்கலாம். ஆத்திரத்தில் அவனோடு பேசிய சாட் மெசேஜ்களை அழித்துவிட வேண்டாம், சாட்சியே அதுதான்.

இந்த மோசடிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பாணிதான். நேரில் பார்க்காமலே கல்யாணப் பேச்சு, வீடியோ காலுக்கு மட்டும் ஏதாவது சாக்கு. பிறகு 'கஸ்டம்ஸ் அதிகாரி' என்று ஒரு பெண் பேசுவாள்: "பார்சலில் பவுண்டு நோட்டு இருக்கு, வரி கட்டலைன்னா கேஸ் ஆகும்." கஸ்டம்ஸ் ஒருபோதும் தனியாள் கணக்கில் வரி கட்டச் சொல்லாது.

போட்டோவைக் காட்டி மிரட்டினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் அதையும் புகாரில் சேருங்கள். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், ஃபீஸ் கட்டுங்கள்' என்று வருகிறவர்களும் திருடர்களே. அக்காவைத் தயவுசெய்து திட்டாதீர்கள். ஸ்டேஷனுக்குக் கூடவே போங்கள்.