குல்மோகர் மரத்தடியில் தட்டுக் காளான்: வெட்டி எடுத்தால் போதுமா?

வணக்கம். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் குல்மோகர் மரத்தின் அடியில், அரக்குப் பூசியதுபோல் பளபளக்கும் செம்பழுப்புத் தட்டுகள் முளைத்திருப்பதாகவும், அவற்றைச் செதுக்கி எடுத்துச் சுண்ணாம்பு பூசினால் மரம் தேறுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தேறாது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது பெரும்பாலும் கனோடெர்மா என்னும் பூஞ்சை. நம் ஊர்த் தென்னைகளில் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்குவதும் இதே பேரினத்துப் பூஞ்சைதான். வெளியே தெரியும் தட்டு, வித்துகளைப் பரப்புவதற்கான உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் நூலிழைகளாக வேரிலும் அடிமரத்திலும் ஊடுருவி, மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைச் சிதைத்துக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள இலைகளின் மேல் கோகோப் பொடி தூவியதுபோல் பழுப்புத் தூள் படிந்திருந்தால், அது வித்துத்தூள்.

இலைகள் பசுமையாக இருப்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். அடிமரத்தைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டியதுபோல் ஓசை வந்தால் உள்ளே பொள்ளலாகியிருக்கலாம். ஓசை நன்றாக இருந்தாலும் வேர் அழுகியிருக்க வாய்ப்புண்டு. குல்மோகர் ஏற்கெனவே முறியும் தன்மையுள்ள மரம்; ஏப்ரல், மே மாத மாலை மழைக்காற்றில் பெங்களூரில் எத்தனை மரங்கள் கார்கள்மேல் சாய்கின்றன என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே மரத்தடியில் வண்டி நிறுத்துவதை இன்றே தவிர்த்துவிட்டு, படங்களுடன் மாநகராட்சியின் மர அலுவலரிடம் எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976-இன்படி அனுமதியின்றி மரத்தை வெட்டக்கூடாது. தட்டுகளைப் படமெடுக்கும்வரை செதுக்க வேண்டாம். அவைதான் உங்கள் சான்று.