தானியங்கி கார்களும் நம் சாலைகளும்: சாலைப் பொறியாளர் பதில்கள்

சோழிங்கநல்லூர் வாசகர்: ராஜீவ் காந்தி சாலையில் ஓட்டுநரில்லாத கார்கள் ஓடுமா?

இன்றைய நிலையில் ஓடா. இப்போது விற்கும் கார்களில் இருப்பவை ஓட்டுநருக்குத் துணைசெய்யும் வசதிகளே. அவற்றுள் தடம் மாறாமல் காக்கும் வசதி, கேமரா வழியே வெள்ளைக்கோட்டைப் பார்த்துத்தான் வண்டியை நேராக வைத்திருக்கிறது. மெட்ரோ பணிக்காகத் தடுப்புகளை நகர்த்திவிட்டு, பழைய கோட்டைச் சுரண்டாமல் பக்கத்திலேயே புதுக்கோடு இழுத்தால், எதை நம்புவது என்று கேமரா திணறும். மழையிரவில் பைக்கில் வருபவரும் அப்படித்தான் திணறுவார். கோட்டுப் பூச்சில் கலந்திருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகளே முகப்பு விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன; அவை தேய்ந்துவிட்டால், பகலில் பளிச்சென்று இருந்த கோடு இரவில் காணாமல் போகும். முதலில் கோட்டைச் சரிசெய்யுங்கள்.

அண்ணா நகர் வாசகர்: இயந்திரம் தவறு செய்யாது, பிறகு சாலைக்கு ஏன் செலவு?

2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பே நகரில், சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண் ஒருவர், சோதனை ஓட்டத்தில் இருந்த தானியங்கி கார் மோதி இறந்தார். மோதுவதற்கு 5.6 விநாடிகள் முன்பே காரின் கருவி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் வாகனம், சைக்கிள், வேறு ஏதோ பொருள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டே இருந்தது. கடவைக்கு, அதாவது நடப்போர் கடக்கக் கோடிட்ட இடத்துக்கு, வெளியே ஒருவர் நடந்து கடப்பார் என்பதே அந்த மென்பொருளின் கணக்கில் இல்லை. நம் ஊரிலோ கடவையில் கடப்பவரைத்தான் தேட வேண்டும்! ஓட்டுவது யாராயினும் தவறு நேரும், அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலை அமைய வேண்டும் என்பதே 1997-இல் சுவீடன் ஏற்ற கொள்கை.

மடிப்பாக்கம் வாசகர்: எங்கள் தெருவுக்கு வேகத்தடை போடலாமா?

போடலாம், அளவோடு. இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டுதல்படி வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் குலுங்காமல் கடக்கலாம்.

நங்கநல்லூர் வாசகர்: மறுக்கிறேன். அவ்வளவு அகலமாகப் போட்டால் பையன்கள் பறப்பார்கள். முதுகு வலித்தால்தான் வேகம் குறையும்.

முதுகு வலிப்பது ஆட்டோவில் போகும் கர்ப்பிணிக்கும் ஆம்புலன்ஸில் கிடப்பவருக்கும்தான். பையன்கள் ஓரத்து இடைவெளியில் நுழைந்துவிடுவார்கள். ஒரே இரவில் முளைக்கும் குறுகிய தார்மேட்டுக்கு வண்ணமும் இராது, எச்சரிக்கைப் பலகையும் இராது. தரையோடு தரையாகக் கிடப்பதால் மனிதக் கண்ணுக்கும் கேமராவுக்கும் எளிதில் புலப்படாது.

நங்கநல்லூர் வாசகர், மீண்டும்: போலீஸ் நின்றால் போதாதா?

இரவு இரண்டு மணிக்கும் நிற்பார்களா? தெரு முனையைக் குறுக்கி, திருப்பத்தை இறுக்கினால் வளைவே வேகத்தைக் குறைக்கும். மணிக்கு 50 கிலோமீட்டரில் வருபவருக்கு, கண்டு உணர்ந்து பிரேக் பிடித்து நிற்க ஏறத்தாழ 60 மீட்டர் வேண்டும். அதில் பாதிக்கும் மேல் பிரேக் பிடிக்கும் முன்பே கடந்துவிடும். கருவி அந்தத் தாமதத்தைக் குறைக்கலாம். ஈரச்சாலையில் டயரின் பிடிப்பைக் கூட்ட இயலாது.

வேளச்சேரி வாசகர்: எங்கள் தெருவுக்கு எத்தனை வேகத்தடை?

அளவு மேலே இருக்கிறது. எண்ணிக்கை தெருவை நேரில் பார்த்த பிறகே. மாநகராட்சியில் மனு கொடுங்கள், நீங்களே ஜல்லி கொட்டாதீர்கள்.

பெரம்பூர் வாசகர்: மின்சார காருக்குக் காப்பீடு?

காப்பீட்டு முகவரைக் கேளுங்கள்.

தாம்பரம் வாசகர்: தானியங்கி கார்களுக்குத் தனித்தடம் ஒதுக்கலாமே?

நடப்போரும் சைக்கிளும் நுழைய முடியாத விரைவுச்சாலையில் அது பொருந்தும். தடத்தைத் தானே காக்கும் கார்களுக்கான ஐ.நா. விதியும் அத்தகைய சாலைகளையே கருதி எழுதப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலையிலோ பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் அந்தத் தடத்தைக் குறுக்கே கடந்தாக வேண்டும். முதலில் நடைபாதையைத் தொடர்ச்சியாக்குங்கள், கோட்டைச் சரிசெய்யுங்கள்.