‘பத்தே நாளில் 5 கிலோ’ விளம்பரங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி: ஃபிட்னஸ் இதழ்களிலும் ஸ்லிம்மிங் சென்டர் விளம்பரங்களிலும் ‘பத்தே நாளில் 5 கிலோ குறையும்’ என்று போடுகிறார்கள். சிலருக்கு உண்மையிலேயே குறையவும் செய்கிறது. அப்படியானால் இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

பதில்:

எடை குறைவது உண்மைதான். ஆனால் குறைவதில் கொழுப்பு கொஞ்சம்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். விளம்பரம் ‘எடை’ என்று எழுதுகிறது, வாசிப்பவர் ‘கொழுப்பு’ என்று எடுத்துக்கொள்கிறார். இந்தத் தொழிலின் முக்கால்வாசி வாக்குறுதிகள் இந்த இடைவெளியில்தான் ஓடுகின்றன.

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. 5 கிலோவுக்கு 38,500. பத்து நாளில் அது போக வேண்டுமானால் தினமும் 3,850 கலோரி பற்றாக்குறை விழ வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஒரு பெண், வீட்டு வேலையும் அலுவலக வேலையும் சேர்த்து ஒரு நாளைக்குச் செலவழிப்பதே ஏறக்குறைய 1,800 முதல் 2,000 கலோரிதான். பத்து நாளும் வெறும் தண்ணீர் குடித்துப் பட்டினி கிடந்தாலும் அவருக்கு விழும் பற்றாக்குறை 20,000 கலோரியைத் தாண்டாது. கொழுப்புக் கணக்கில் அது இரண்டரை கிலோவைச் சுற்றித்தான் வரும். சாப்பிட்டுக்கொண்டே 5 கிலோ என்பவர் கொழுப்பைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு எடை எப்படி இறங்குகிறது? கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கிறது. பெரியவர்களுக்குத் தோராயமாக 400 முதல் 500 கிராம். ஒவ்வொரு கிராமும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி எல்லாவற்றையும் நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் அந்தச் சேமிப்பின் பெரும்பகுதி தீர்கிறது, கூடவே தண்ணீரும் சிறுநீராக வெளியேறுகிறது. அதிலேயே ஒன்றரை கிலோ போய்விடும். ஊறுகாய், அப்பளம், ஹோட்டல் சாப்பாடு நின்றதால் உப்பு குறைகிறது. உப்பு பிடித்து வைத்திருந்த தண்ணீரும் போகிறது. சாப்பாட்டின் அளவு குறைந்ததால் குடலில் இருக்கும் சரக்கின் எடையும் குறைகிறது. எல்லாம் சேர்ந்து முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்குவது சாதாரணம். உடல் பருமன் அதிகமானால் இன்னும் கூட இறங்கும்.

திட்டங்கள் 7 நாள், 10 நாள், 14 நாள் என்று வருவதற்குக் காரணம் இதுதான். எடை வேகமாக இறங்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து விற்கிறார்கள். பதினொன்றாம் நாள் கல்யாண வீட்டில் ஒரு சாப்பாடு சாப்பிட்டால் கிளைகோஜன் திரும்ப நிரம்பத் தொடங்கும், தண்ணீரும் கூடவே வரும், இரண்டு நாளில் ஒன்றரை கிலோ ஏறிவிடும். அது கொழுப்பு இல்லை. ஆனால் சென்டர்காரர் ‘நீங்கள் கட்டுப்பாடாக இல்லை’ என்று பழியை உங்கள் மேல் போட்டு அடுத்த பேக்கேஜை நீட்டுவார். இந்த இடத்தில்தான் ஆட்கள் மனம் உடைகிறார்கள். அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

வேகத்தை எடைபோட ஓர் அளவுகோல் தருகிறேன். செமாக்ளுடைட் என்ற எடைக் குறைப்பு ஊசியை வைத்து 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் 1,961 பேர் இருந்தார்கள். உணவு, உடற்பயிற்சி ஆலோசனை இரு தரப்புக்கும் உண்டு. 68 வாரத்தில் ஊசி போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது, மருந்தே இல்லாத போலி ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். தொடக்கத்தில் அவர்களின் சராசரி எடை சுமார் 105 கிலோ. வகுத்துப் பார்த்தால் வாரத்துக்குக் கால் கிலோகூட முழுசாக இல்லை. டாக்டர் சீட்டில் மட்டும் கிடைக்கிற, நன்றாக வேலை செய்கிற ஒரு மருந்தின் வேகமே இவ்வளவுதான். அதைவிடப் பல மடங்கு வேகத்தை ஒரு டப்பா பொடி தரும் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இனி அந்தப் பொடிகள், மாத்திரைகள். ‘கார்சீனியா’ என்று பெரிய எழுத்தில் வருவது நம் குடம்புளிதான். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் மீன் குழம்பில் போடுகிற அதே புளி. அதிலுள்ள ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் கொழுப்பு சேர்வதைத் தடுக்கும் என்பது விளம்பரம். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வந்த சோதனையில் 135 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தினம் 1,500 மில்லிகிராம் அந்த அமிலமும் இன்னொரு பிரிவுக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே கலோரி குறைந்த, நார்ச்சத்து மிகுந்த உணவு. 12 வாரத்தில் கார்சீனியா சாப்பிட்டவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்தார்கள். போலி மாத்திரை சாப்பிட்டவர்கள் 4.1 கிலோ. இந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதல்ல, அதாவது மாத்திரையால் ஒன்றும் நடக்கவில்லை. அந்த 3.2 கிலோவை மட்டும் தனியே எடுத்துப் போட்டால் அருமையான விளம்பரம் ஆகிவிடும். டப்பாவின் ஓரத்தில் ‘சரியான உணவுடனும் உடற்பயிற்சியுடனும் சேர்த்து’ என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். வேலை செய்வது அந்த வரிதான். அதே உணவைச் சாப்பிட்டு அந்தப் பொருளை எடுக்காதவர்களுக்கு எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள். பதில் வராது.

‘ஸ்லிம்மிங் டீ’, ‘டீடாக்ஸ் டீ’ வாங்கினால் பொட்டலத்தின் பின்புறம் சென்னா என்று இருக்கிறதா பாருங்கள். தமிழில் நிலவாகை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து உலகச் சந்தைக்கு ‘டின்னவேலி சென்னா’ என்ற பெயரிலேயே போகிற பேதி மூலிகை. இது வேலை செய்யும் இடம் பெருங்குடல். சாப்பாட்டின் கலோரி அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆக, வெளியே போவது தண்ணீரும் உப்புகளும், குறிப்பாகப் பொட்டாசியமும்தான். மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுப்பது வேறு விஷயம். எடைக்காக மாதக்கணக்கில் குடித்தால் தசை பலவீனம், இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு.

உண்மையாகவே பசியை அடக்குகிற ‘மூலிகை’ மாத்திரைதான் இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. சிபுட்ராமின் என்ற மருந்து மாரடைப்பு, பக்கவாத அபாயம் காரணமாக 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது, 2011-இல் இந்தியாவிலும் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகும் ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று விற்ற எடைக் குறைப்பு மாத்திரைகளில் இந்த மருந்து ஒளிந்திருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சாப்பிட ஆரம்பித்த சில நாளிலேயே பசி அறவே போய், வாய் வறண்டு, தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்தால் ‘மருந்து நன்றாகப் பிடிக்கிறது’ என்று நினைத்துவிடாதீர்கள். உடனே நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

சென்டர்களில் ‘இஞ்ச் லாஸ்’ என்று டேப் வைத்துக் காட்டுவதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். இடுப்பளவு எடுக்கச் சரியான முறை இது: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டு முடித்த நிலையில், டேப் தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல் இருக்க வேண்டும். முதலில் தொப்புளுக்கு நேரே மூச்சை இழுத்த நிலையில் அளந்து, கடைசியில் இரண்டு விரல் மேலே ஏற்றி, மூச்சை விட்டபின் இறுக்கிப் பிடித்து அளந்தால் ஒன்றுமே செய்யாமல் மூன்று நான்கு சென்டிமீட்டர் குறைத்துக் காட்டலாம். சூடு பண்ணும் பெல்ட்டை முக்கால் மணி நேரம் இறுக்கிக் கட்டிவிட்டு, கழற்றியதும் அளப்பது இன்னொரு வழி. வியர்வை போயிருக்கும், அழுத்தத்தில் சதை கொஞ்ச நேரம் அமுங்கியிருக்கும். நீங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் பழைய அளவு வந்துவிடும்.

பெல்ட்டுக்கும் ‘தொப்பைக்கு மட்டும்’ பயிற்சிக்கும் அடிப்படை ஒரே நம்பிக்கைதான்: எந்த இடத்தை அசைக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்பது. தசை தனக்கு வேண்டிய கொழுப்பை ரத்தத்தின் வழியாக உடல் முழுவதிலிருந்தும் எடுக்கிறது, பக்கத்தில் இருப்பதால் தொப்பையிலிருந்து எடுப்பதில்லை. 2011-இல் வந்த ஒரு சிறு ஆய்வில் 24 பேரில் ஒரு பிரிவினர் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு விதமான வயிற்றுப் பயிற்சி செய்தார்கள். வயிற்றுத் தசையின் தாங்குதிறன் கூடியது, வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை.

‘முன்பு – பின்பு’ படங்கள். முன்படத்தில் நேர்முன் வெளிச்சம், வயிறு தள்ளிய நிலை, தோள் தொங்கல், இறுக்கமான எலாஸ்டிக். பின்படத்தில் மேலிருந்து சாய்வான வெளிச்சம் (நிழல் விழுந்து தசை தெரியும்), சற்றுத் திரும்பிய உடல், எண்ணெய் பூசிய தோல், இடுப்புக்கு மேலே ஏறிய உடை. எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் தண்டால். இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம். இரு படத்திலும் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, தொப்புள் உடையின் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அமெரிக்காவில் ‘எல்லோருக்கும் இப்படி வராது’ என்று பொடி எழுத்தில் போட்டுத் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். அங்குள்ள கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009-இல் விதியைத் திருத்தி அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. அபூர்வமான ஒருவரைக் காட்டினால், பொதுவாக எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதழ்கள் விஷயத்தில் ஒரு பழைய வழக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடும். ஜோ வீடர் அமெரிக்காவில் உடற்கட்டு இதழ்களின் அதிபராக இருந்தவர், அதே பக்கங்களில் விளம்பரமான சத்துமாவுகளுக்கும் அவரே உரிமையாளராக இருந்தார். தினம் ஒரு பவுண்டு எடை கூடும் என்று விற்ற மாவு தொடர்பாக 1972-இல் அமெரிக்கத் தபால் துறை விசாரணை வந்தது. ‘ஐந்து நிமிட பாடி ஷேப்பர்’ கருவிக்காக 1976-இல் ஒரு லட்சம் வாடிக்கையாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. முன்பு – பின்பு படங்களும் தவறாக வழிநடத்துபவை என்றது. கட்டுரை எழுதுபவரும் டப்பா விற்பவரும் ஒரே கை என்றால், கட்டுரை முடிகிற இடத்தில் விளம்பரம் தொடங்குவது தற்செயல் அல்ல. எந்த இதழை எடுத்தாலும் கட்டுரையில் சொன்ன பொருளின் விளம்பரம் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள்.

இந்தியச் சட்டம் காகிதத்தில் பலமானது. 1954-இன் மருந்துகள், மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் இருக்கிறது. அதைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்தையும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. அதனால்தான் பலரும் ‘உணவுச் சத்து’ என்ற பெயரில் வருகிறார்கள். டப்பாவில் இருக்கும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் உரிமம் இருப்பதைக் காட்டுமே தவிர, அதில் எழுதியிருக்கும் வாக்குறுதிக்குச் சான்று ஆகாது. 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களில் ஒரு விதி நமக்கு ரொம்ப உபயோகம்: பொறுப்புத் துறப்பு வாசகம், வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும், முக்கிய வாக்குறுதிக்கு முரணாகவும் இருக்கக் கூடாது. தமிழில் ‘10 நாளில் 5 கிலோ’ என்று போட்டு, நட்சத்திரக் குறி வைத்து, அடியில் ஆங்கிலத்தில் பொடியாக எழுதியிருந்தால் அதுவே விதிமீறல். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம். வாக்குறுதி உண்மையா என்று விசாரிக்காமல் விளம்பரத்தில் நடித்த பிரபலமும் தப்ப முடியாது.

சென்டரில் பணம் கட்டுவதற்கு முன், குறையப் போவது எடையா கொழுப்பா, எதை வைத்து அளப்பீர்கள், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கும் டயட் சார்ட்டின் கலோரியைக் கூட்டிப் பாருங்கள். 1,000-ஐச் சுற்றி வந்தால் எடையைக் குறைக்கப் போவது அந்தச் சார்ட்தான், மெஷின் அல்ல. கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. உடலின் மின்தடையை அளந்து சூத்திரம் போட்டுச் சொல்கிறது, உடம்பில் தண்ணீர் ஏறி இறங்கினால் அதுவும் மாறும். வீட்டில் காலையில் கழிப்பறை போய் வந்ததும் ஒரே மாதிரி உடையில் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாயை ஒட்டி ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது இயல்பு என்பதால் பெண்கள் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிடுவது நல்லது. தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். போகப் போக அதுவும் மெதுவாகும்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால், விளம்பரத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், போனில் பேசுவது சாட்சிக்கு நிற்காது. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை. ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.